உலக மாநாட்டை உங்கள் ஊருக்கு அழைப்பது எப்படி? முன்மொழிவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

கணிதவியலாளர்கள், இதய மருத்துவர்கள், நூலகர்கள், வானியலாளர்கள் என்று ஏறக்குறைய எல்லாத் துறையினருக்கும் உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறுமோ, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையோ அதன் உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறு நாடு. "அடுத்த மாநாட்டை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள், பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்" என்று அந்தச் சங்கத்திடம் முறைப்படி எழுதிக் கொடுப்பதுதான் மாநாட்டு முன்மொழிவு. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'பிட்' என்பார்கள்.

முதன்முறை இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஊரின் பெருமையில் ஆரம்பிக்கிறார்கள். சூரியன் மறையும் படம், பழைய கோட்டை, விருந்தோம்பல் பற்றி இரண்டு பத்தி. போட்டியிடும் எல்லா ஊர்களிடமும் இவை உண்டு. 'எங்கள் மக்கள் கொஞ்சம் சிடுசிடுப்பானவர்கள்' என்று எந்த ஊரும் எழுதிக் கொடுத்ததில்லை. முடிவெடுக்கப்போகும் குழுவின் மனத்தில் ஓடுவதோ வேறு: கூட்டம் வருமா? பணம் கையைக் கடிக்குமா? சொன்னதைச் செய்யக்கூடியவர்களா இவர்கள்? நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? இந்தக் கவலைகளுக்குப் பதில் சொல்கிற முன்மொழிவுதான் தேறும். ஆகவே முதல் வேலை எழுதுவது அல்ல, அந்தச் சங்கத்தைப் படிப்பது.

சங்க மாநாடு எப்படி இடம் மாறுகிறது

ஒரு நிறுவனம் தன் விற்பனைக் கூட்டத்தை எங்கே வைப்பது என்பதை மேலதிகாரி ஒருவர் ஒரே மாலையில் முடிவு செய்துவிடலாம். சங்க மாநாடு அப்படி நகராது. செயற்குழு, நாடுகளின் பிரதிநிதிகள், சில சங்கங்களில் பொதுச்சபையே கூட வாக்களித்து முடிவெடுக்கும். பெரிய மாநாடுகளுக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இடம் தீர்மானமாகிவிடும். சிறியவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் போதும்.

இத்தகைய மாநாடுகளைக் கணக்கெடுப்பதில் உலகில் பெயர்பெற்றது ஐக்கா என்ற அமைப்பு. 1963-இல் தொடங்கியது, தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில். அதன் பட்டியலில் ஒரு மாநாடு இடம்பெற வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள்: முறையான இடைவெளியில் நடக்க வேண்டும், குறைந்தது 3 நாடுகளுக்கிடையே சுழல வேண்டும், குறைந்தது 50 பேர் கலந்துகொள்ள வேண்டும். கடைசி எண்ணைக் கவனியுங்கள். உலக மாநாடு என்றதும் பத்தாயிரம் பேர் கூடும் அரங்கம்தான் கண்ணில் தெரியும். ஆனால் இருநூறு பேர் கூடும் சிறப்புத்துறை மாநாடும் உலக மாநாடுதான். முதல் முயற்சிக்கு அதுதான் ஏற்ற அளவு என்பது என் கருத்து.

சுழற்சியைப் படிப்பது ஒரு தனிக் கலை. கணிதவியலாளர்களின் பன்னாட்டு மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1897-இல் சூரிச்சில் தொடங்கிய அது அண்மைக் காலத்தில் சென்ற வழி இது: 1998 பெர்லின், 2002 பெய்ஜிங், 2006 மாட்ரிட், 2010 ஹைதராபாத், 2014 சியோல், 2018 ரியோ டி ஜெனிரோ. முதல் மூன்றைப் பார்த்தால் ஐரோப்பா, ஆசியா, ஐரோப்பா என்று மாறி மாறி வருவதுபோலத் தெரியும். அடுத்து ஹைதராபாத்தும் சியோலும் அடுத்தடுத்து ஆசியாவில் அமைந்து அந்த ஊகத்தைக் கலைத்துவிடுகின்றன. 'போன முறை எங்கள் கண்டத்தில் நடந்துவிட்டது, இனி வாய்ப்பில்லை' என்று நீங்களாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. சுழற்சி எழுதப்பட்ட விதியா, வெறும் பழக்கமா என்று சங்கத்தின் செயலகத்திடம் கேட்டுவிடுங்கள். நேரடியாகச் சொல்வார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியம் தன் முதல் பொதுச்சபையை 1922-இல் ரோமில் நடத்தியது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அது முதன்முதலாகக் கூடியது 2024-இல், கேப் டவுனில். நூறாண்டுக்கு மேல் ஒரு கண்டத்தில் கால்வைக்காத சங்கம், தன்னை உலகச் சங்கம் என்று அழைத்துக்கொள்வதில் ஒரு சங்கடத்தைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கும். 'எங்கள் பகுதிக்கு நீங்கள் இன்னும் வந்ததே இல்லை' என்பது குறை சொல்வதுபோலக் கேட்கலாம். சரியாகச் சொன்னால் அதைவிட வலுவான வாதம் கிடையாது. புதிய உறுப்பினர்கள், புதிய ஆய்வுக் குழுக்கள், சங்கத்துக்கு வெளியே நிற்கும் இளைஞர்கள் எத்தனை பேர் என்று கையோடு எண்களைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

யார் கேட்க வேண்டும்

ஊரின் மேயரோ, ஹோட்டல் முதலாளியோ, சுற்றுலாத் துறையோ நேரடியாகக் கேட்டால் பெரும்பாலான சங்கங்கள் ஏற்காது. அந்த நாட்டில் இருக்கும் உறுப்பு அமைப்பு, அதாவது தேசிய அளவிலான துறைச் சங்கமோ கல்விக் கழகமோதான் விண்ணப்பிக்க வேண்டும். அதன் சார்பில் ஒருவர் முன்னால் நிற்பார். அவர் பெயர் அந்த உலகச் சங்கத்தில் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். துணைக்குழுக்களில் வேலை செய்திருக்க வேண்டும், முந்தைய மாநாடுகளுக்குத் தவறாமல் போயிருக்க வேண்டும். தங்கள் மத்தியில் ஒரு நாளும் முகம் காட்டாத ஒருவர் திடீரென எழுந்து 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது.

அவருக்குப் பின்னால் இரண்டு வகை உதவியாளர்கள் வருவார்கள். ஒன்று கன்வென்ஷன் பீரோ எனப்படும் ஊர் மாநாட்டு அலுவலகம். தம் ஊருக்கு மாநாடுகளை இழுத்துவருவதற்கென்றே ஒருவரை நியமிக்கும் வழக்கம் 1896-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வணிகர்களிடம் தொடங்கியது. இன்று பெரிய நகரங்களில் பெரும்பாலும் இப்படியோர் அலுவலகம் உண்டு. அரங்குகளின் விவரம் திரட்டுவது, ஹோட்டல் அறைகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பது, முன்மொழிவை வடிவமைப்பது, சில இடங்களில் நிதியுதவி என்று பலவற்றைக் கட்டணமில்லாமல் செய்து தருவார்கள். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதே சமயம் அவர்களுக்கு வேண்டியது ஹோட்டல் அறைகள் நிரம்புவது, உங்களுக்கு வேண்டியது நல்ல மாநாடு என்பதை நினைவில் வைத்திருங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், எப்போதும் அல்ல.

இன்னொருவர் மாநாட்டு ஏற்பாட்டு நிறுவனத்தார். பதிவு, கட்டுரைச் சுருக்கங்களைப் பெறுவது, கணக்கு, அரங்க அமைப்பு எல்லாம் இவர்கள் தொழில். சில சங்கங்கள் தமக்கென்று நிரந்தரமாக ஒரு நிறுவனத்தை வைத்திருக்கும். அப்படியானால் நீங்கள் தனியாக ஒருவரைத் தேட வேண்டியதில்லை, தேடினால் வீண் சச்சரவுதான். இதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிவிப்பைப் படிப்பது

சங்கம் தன் தேவைகளை ஓர் ஆவணமாக வெளியிடும். முன்மொழிவு கோரும் இந்த அறிவிப்பை ஆர்எஃப்பி என்று அழைப்பார்கள். பத்துப் பக்கமும் இருக்கலாம், எண்பது பக்கமும் இருக்கலாம். அதில் கட்டாயமானவை, விரும்பத்தக்கவை என்று இரண்டு வகை கலந்து கிடக்கும். முதல் வேலை அவற்றைப் பிரிப்பது. 'ஒரே கூரையின் கீழ் 1,200 பேர் அமரும் அரங்கு இருக்க வேண்டும்' என்று கட்டாயப் பட்டியலில் இருந்து, உங்கள் ஊரின் பெரிய அரங்கில் 900 பேருக்குத்தான் இடமென்றால், மற்றதை எவ்வளவு அழகாக எழுதியும் பயனில்லை. அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது தோல்வி ஆகாது. பல மாத உழைப்பு மிச்சம்.

அப்புறம், கேள்விகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையிலேயே பதிலும் இருக்கட்டும். இது அற்பமான விஷயம்போலத் தோன்றும். ஐந்து ஊர்களின் முன்மொழிவுகளை ஒரே வார இறுதியில் படித்து மதிப்பெண் போடும் செயற்குழு உறுப்பினரின் இடத்திலிருந்து பாருங்கள். 4.3-ஆம் கேள்விக்கான பதில் 4.3-இல் இருந்தால் அவர் உங்களை வாழ்த்துவார். 27-ஆம் பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தால் 'பதில் இல்லை' என்று குறித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

கேட்கப்படாத கேள்விகளும் உண்டு. சங்கத்தின் ஆண்டறிக்கைகளையும் முந்தைய மாநாடுகளின் இறுதி அறிக்கைகளையும் புரட்டினால் அவை தெரியும். இளம் உறுப்பினர் எண்ணிக்கை குறைந்துவருகிறதா? ஒரு பகுதி நாடுகள் விலகிப்போகின்றனவா? போன மாநாட்டில் நட்டமா? இதைவிட நல்ல வழி, கடந்த இரண்டு மாநாடுகளை நடத்தியவர்களைத் தொலைபேசியில் பிடிப்பது. போட்டி முடிந்துபோனவர்கள் என்பதால் மனம்விட்டுப் பேசுவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று எழுதினீர்கள், உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள், எந்தச் செலவு எகிறியது, சங்கம் எதில் விட்டுக்கொடுக்கவே இல்லை என்ற நான்கு கேள்விகள் போதும். முன்மொழிவு வேலையில் இந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஈடான இன்னொன்றை நான் கண்டதில்லை.

அரங்கம்: எண்ணை நம்பாதீர்கள்

அரங்கின் விளம்பரத்தாளில் '1,000 இருக்கைகள்' என்று இருக்கும். அது நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் வரும் கணக்கு. மேடை போட்டு, திரை நிறுத்தி, பின்னால் ஒலி ஒளிக் கட்டுப்பாட்டு மேசைக்கு இடம் ஒதுக்கியதும் எண் இறங்கும். நாற்காலிக்கு முன்னால் மேசையும் வேண்டுமென்றால் பாதியாகக் கூடக் குறையும். ஆகவே எந்த அமைப்பில் எத்தனை பேர் என்று அரங்க நிர்வாகத்திடம் வரைபடத்தோடு எழுதி வாங்குங்கள்.

பெரிய அரங்கைவிடத் தலைவலி தருவது சிறிய அறைகள்தான். ஒரே நேரத்தில் எட்டு அமர்வுகள் நடக்கும் மாநாட்டுக்கு எட்டு அறை போதாது. செயற்குழுக் கூட்டம், பேச்சாளர்கள் தங்கள் கோப்புகளைச் சரிபார்க்கும் அறை, செய்தியாளர் அறை, பொருள்கள் வைக்கும் அறை, தாய்மார்களுக்கான அறை, வழிபாட்டுக்கோ அமைதிக்கோ ஓர் அறை என்று பட்டியல் நீளும். ஆய்வை ஒரே பெரிய தாளில் அச்சிட்டுக் காட்டும் விளக்கச் சுவரொட்டிகளுக்கும் இடம் வேண்டும். 400 சுவரொட்டிகளை இரண்டு நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு 200. இருபுறமும் ஒட்டும் பலகை என்றால் 100 பலகைகள். சுவரொட்டிக்கான ஏ0 அளவுத் தாளின் அகலம் 84 சென்டிமீட்டர், ஆகவே பலகை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். அவற்றுக்கு முன்னால் நின்று இருவர் பேசும்போது மூன்றாமவர் கடந்துபோக வழி வேண்டாமா? இந்தக் கணக்கைப் போட்டு ஒரு படமாக முன்மொழிவில் வைத்தால், முன்பு மாநாடு நடத்திய அனுபவமுள்ள உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தில்தான் நின்று பார்ப்பார்கள்.

தங்கும் அறைகளில் ஒரு பொறி இருக்கிறது. ஹோட்டல்களிடம் மொத்தமாக அறைகளைப் பிடித்துவைக்கும்போது, அவற்றில் குறிப்பிட்ட பங்கு நிரம்பாவிட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள். வருபவர்களோ இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வேறு அறையைத் தாங்களே பதிவு செய்துகொள்வார்கள். அரங்கு நிரம்பி வழியும், நீங்கள் பிடித்துவைத்த அறைகள் காலியாகக் கிடக்கும். அறைகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைசித் தேதி எது என்பதை விலையைவிட முக்கியமாகப் பேசி முடியுங்கள்.

பணம்

முன்மொழிவு தேறுவதும் வீழ்வதும் இங்கேதான். ஒரு கற்பனை மாநாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எதிர்பார்ப்பது 800 பேர். அரங்க வாடகை, ஒலி ஒளி, இணையம், அழைக்கப்பட்ட பேச்சாளர்கள், ஏற்பாட்டு நிறுவனத்தின் கட்டணம் போன்றவை எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவுகள். மொத்தம் 2,20,000 யூரோ. உணவு, பை, அடையாள அட்டை என்று தலைக்கு 180 யூரோ. சங்கத்துக்கு ஒவ்வொருவர் பதிவிலிருந்தும் 50 யூரோ கொடுக்க வேண்டும். ஸ்பான்சர்கள் 60,000 தருவார்கள் என்று வையுங்கள். பதிவுக் கட்டணம் 500.

புதியவர் போடும் கணக்கு இப்படிப் போகும். 500-இல் 180-ம் 50-ம் போனால் தலைக்கு 270 மிச்சம். ஸ்பான்சர் பணம் போக ஈடுகட்ட வேண்டிய நிலைச்செலவு 1,60,000. அதை 270-ஆல் வகுத்தால் 593 பேர் வந்தாலே போட்ட பணம் வந்துவிடும். 800 பேர் வருகிறார்கள், கவலை இல்லை!

கவலை உண்டு. எல்லாரும் 500 கட்டப்போவதில்லை. 480 பேர் முன்கூட்டியே பதிவு செய்து சலுகை விலையில் 450 கட்டுவார்கள். 160 பேர் மாணவர்கள், 250 கட்டுவார்கள். முழுக் கட்டணம் கட்டுவது மீதி 160 பேர்தான். கூட்டிப் பார்த்தால் 3,36,000. சராசரி 420. அதில் 230 போனால் தலைக்கு 190-தான் மிச்சம். இப்போது 1,60,000-ஐ 190-ஆல் வகுத்தால் 843 பேர் வேண்டும். வருவது 800. அதாவது எதிர்பார்த்த கூட்டம் முழுவதும் வந்தும் 8,000 யூரோ துண்டு விழுகிறது.

ஒரு வரியும் பொய் எழுதாமலே இப்படி ஒரு முன்மொழிவு தயாராகிவிடும். சராசரிக் கட்டணத்தைக் கொண்டு கணக்குப் போடுங்கள், மொத்தச் செலவில் 5 முதல் 10 சதவீதம் வரை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள், 600 பேர், 800 பேர், 1,000 பேர் என்று மூன்று நிலைகளைக் காட்டுங்கள். 600 பேர் வந்தால் எதைக் குறைப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொருளாளருக்கு அந்த வரி பிடித்துப்போகும்.

இன்னும் சில: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகான விலையை இன்றைய விலையில் எழுதக் கூடாது. கட்டணம் ஒரு நாணயத்தில் வந்து செலவு வேறொரு நாணயத்தில் போனால் மாற்று விகிதம் கைகொடுக்கவும் செய்யும், காலை வாரவும் செய்யும். பதிவுக் கட்டணத்துக்கு விற்பனை வரி உண்டா என்பதை ஒரு கணக்காளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். லாபம் வந்தால் யாருக்கு எத்தனை பங்கு, நட்டம் வந்தால் யார் தலையில் என்பதை அறிவிப்பில் தேடிப் படியுங்கள். சில சங்கங்கள் லாபத்தில் பங்கு கேட்கும், நட்டத்தில் கேட்காது. அது நியாயமா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஸ்பான்சர் வருவாயில் துறைக்குத் துறை வேறு விதிகளும் உண்டு. மருத்துவ மாநாடுகள்தான் நல்ல உதாரணம். மருத்துவக் கருவி நிறுவனங்களின் ஐரோப்பிய அமைப்பான மெட்டெக் ஐரோப்பா, தன் உறுப்பினர்கள் மருத்துவர்களுக்கு நேரடியாகச் செலவு செய்து பிறர் நடத்தும் மாநாடுகளுக்கு அனுப்புவதை 2018 ஜனவரி முதல் நிறுத்திவிட்டது. மாநாடு நடக்கும் இடமும் விருந்தும் விதிகளுக்கு ஏற்றவையா என்று ஆராயும் முறை ஒன்றும் வைத்திருக்கிறது. கேளிக்கைக்குப் பெயர்போன ஆடம்பர விடுதியில் மாநாடு என்றால் அங்கே தேறாமல் போகலாம். கடற்கரை விடுதியின் படத்தை முதல் பக்கத்தில் பெருமையாகப் போட்ட முன்மொழிவுக்கு அந்தப் படமே வினையாகிவிடும்.

நடக்காமல் போனால்?

கணிதவியலாளர்களின் 2022 மாநாடு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடக்க இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2018-இல் வாக்கெடுப்பில் முடிவான இடம். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கியதும், சில நாள்களுக்குள்ளேயே மாநாடு இணையவழிக்கு மாற்றப்படுவதாகப் பன்னாட்டுக் கணித ஒன்றியம் அறிவித்தது. பொதுச்சபையும் விருது வழங்கலும் ஜூலையில் ஹெல்சிங்கியில் நடந்தன. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் கோவிட் எத்தனையோ மாநாடுகளைத் தள்ளிவைத்தும் கரைத்தும் விட்டிருந்தது.

ஆகவே இன்றைக்கு 'எல்லாம் நன்றாக நடக்கும்' என்று எழுதுவது யாருக்கும் ஆறுதல் தராது. எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் அரங்க முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும், காப்பீடு எதை ஏற்கும், எதை ஏற்காது, பாதிப் பேர் இணையவழியில் கலந்துகொள்ள நேர்ந்தால் அரங்கின் இணைய வசதி தாங்குமா என்று எழுதுங்கள். இயற்கைச் சீற்றம், போர், தொற்றுநோய் போன்றவற்றில் பொறுப்பு நீங்கும் விதி ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும்.

விசா இதே வகையைச் சேர்ந்த கேள்விதான். எந்த நாட்டவராக இருந்தாலும் உறுப்பினர் உள்ளே வர முடிய வேண்டும் என்பதை அறிவியல் சங்கங்கள் மிகக் கறாராகப் பார்க்கும். ஒரு நாட்டு அறிஞர்களை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டால் சங்கத்துக்குள்ளேயே பிளவு வரும். எந்தெந்த நாட்டவருக்கு விசா தேவை, எத்தனை நாளில் கிடைக்கும், மாநாட்டுக்கென்று தனி வசதி உண்டா என்பதைப் பட்டியலாகக் கொடுங்கள். அரசின் வெளியுறவுத் துறையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் மிகவும் நல்லது. தாமதம் ஆகும் நாடுகள் இருந்தால் மறைக்காமல் எழுதி, அழைப்புக் கடிதங்களை எத்தனை மாதம் முன்னால் அனுப்புவீர்கள் என்பதையும் சேருங்கள். மறைத்ததை அந்த நாட்டுப் பிரதிநிதியே கூட்டத்தில் எழுந்து சொன்னால் மற்ற பக்கங்களின் மதிப்பும் போய்விடும்.

ஆதரவுக் கடிதங்கள்

அமைச்சர், மேயர், துணைவேந்தர் என்று வரிசையாகக் கடிதம் வாங்கி இணைப்பது வழக்கம். பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். 'மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்' என்ற கடிதத்தால் குழுவுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 'பொதுப் போக்குவரத்துக்கு இலவச அட்டை தருகிறோம்', 'வளர்ந்துவரும் நாடுகளின் மாணவர்கள் 40 பேரை எங்கள் விடுதியில் தங்கவைக்கிறோம்' என்று பொருளோடு இருந்தால் இரண்டே கடிதம் போதும். அமைச்சர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரப் பல வாரம் ஆகும் என்பதால் இந்த வேலையை முதலிலேயே தொடங்க வேண்டும். நீங்களே வரைவு எழுதிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் வரும்.

நேரில் பார்வையும் பத்து நிமிடப் பேச்சும்

இறுதிச் சுற்றுக்கு வந்த ஊர்களைச் சங்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் நேரில் பார்க்க வருவது உண்டு. அவர்களைச் சுற்றுலா கூட்டிப்போகாதீர்கள். விமான நிலையத்திலிருந்து சாதாரணப் பிரதிநிதி எப்படி வருவாரோ அப்படியே அழைத்து வாருங்கள். 'அரை மணி நேரம்' என்று எழுதியிருந்தால், காலை நெரிசலிலும் அது அரை மணி நேரமாக இருக்கட்டும். இல்லையென்றால் எழுதும்போதே திருத்திவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் மேடையேற வழி உண்டா என்று கேட்பார்கள், அந்த வழியை முந்தின நாளே நடந்து பாருங்கள்.

அப்புறம் வாக்களிப்பவர்கள் முன்னால் பேசுவது. பத்து பதினைந்து நிமிடம்தான் தருவார்கள். தொழில்முறைப் பேச்சாளரை அமர்த்துவதைவிடச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த உங்கள் ஆள் கொஞ்சம் திக்கித் திணறிப் பேசினாலும் நன்றாகவே எடுபடும். படக்காட்சி ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒத்திகையை அதற்குப் பின் வரும் கேள்விகளுக்கே அதிகம் பாருங்கள். 'கட்டணத்தைக் குறைக்க முடியுமா?' என்று கேட்டால், மேடையில் இருக்கும் மூவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

யாருக்கு எத்தனை வாக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சில சங்கங்களில் நாட்டுக்கு ஒரு வாக்கு. வேறு சிலவற்றில், பன்னாட்டுக் கணித ஒன்றியத்தைப்போல, உறுப்பு நாடு எந்தப் பிரிவில் இருக்கிறதோ அதற்கேற்ப வாக்குகள் கூடும் குறையும். வாக்களிப்பவர்களைத் தேநீர் இடைவேளையில் சந்தித்து அவர்கள் கவலையைக் கேட்பது முறையான வேலைதான். பரிசுப் பொருள் கொடுப்பது முறை தவறியது. பல சங்கங்களின் விதிகளிலேயே தடை உண்டு. எந்த அளவு வரை அனுமதி என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிட்டால் சங்கடம் இல்லை.

முடிவு வந்த பிறகு

ஜெயித்தால் முதலில் வருவது ஒப்பந்தம். முன்மொழிவில் எழுதிய ஒவ்வொரு வாக்குறுதியும் அதில் நிபந்தனையாக வந்து நிற்கும். உற்சாகத்தில் எழுதிய 'இலவச விருந்து' உட்பட. அதனால்தான் எழுதும்போதே ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் அதை யார் செய்வார், பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று உள்ளுக்குள் ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

தோற்றால், நன்றி சொல்லிவிட்டு மதிப்பெண் விவரத்தைக் கேளுங்கள். பல செயலகங்கள் தயங்காமல் தரும். எதில் குறைந்தீர்கள் என்பது தெரிந்தால் அதே கணக்கு, அதே வரைபடம், அதே கடிதக் கோப்பை வைத்து அடுத்த சுற்றுக்குப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஒரு முறை தோற்றுவிட்டு மறுபடி வருபவர்களைச் சங்கங்கள் மதிக்கவும் செய்கின்றன. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: தற்காலிகமாகப் பிடித்துவைத்த அரங்கையும் அறைகளையும் அந்த வாரமே விடுவித்துவிடுங்கள். அடுத்த முறையும் அதே ஆள்களிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.